வுப்பர்டாலில் ஒரு நண்டு

ஸ்டமாட்டியாவுக்குத் தெரிந்த ஜெர்மன் முப்பது சொல்.
ஈரம், வழுக்கும், வாளி, நாளைக்கு, தயவுசெய்து,
மேற்பார்வைக்காரியிடம் சொல்ல
'முடித்துவிட்டேன்'.
கவாலாவில் புகையிலைக் கட்டு கட்டிக்கொண்டிருந்தவள்
ரயிலேறி வந்து பதினான்கு மாதம்.

பதினாறாம் அறையில் எவால்ட் கொட்ஸீப்பர்.
ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு போகும் ரயிலை
இருபத்தாறு வருடம் ஓட்டியவர்.
இப்போது மஞ்சள் பூத்து, ஒருக்களித்து.

எட்டரை மணிக்கு வெள்ளை அங்கிகள் வரும்.
கட்டிலின் கால்மாட்டில் நின்று
டாக்டர் ஹால்பாக் அட்டையோடு பேசுவார்.
படுத்திருப்பவருக்குப் புரியக் கூடாதென்று
அவர் தலைக்கு மேலே ஒரு பரிபாஷை.
காதில் விழும், உள்ளே இறங்காது.

மூலையில் மாப்போடு நின்றவளுக்கு
அன்றைக்குத்தான் உறைத்தது:
இந்த மனிதர்கள் பேசுவதிலேயே
எனக்குப் புரிவது இது மட்டும்தான்.

உடனே பிடிபடவில்லை.
அவளுடைய சொற்களை அவர்கள்
அளவு தவறிய செருப்பு மாதிரி இழுத்துக்கொண்டு நடந்தார்கள்.
'கார்ட்ஸினோம்' என்றார் ஹால்பாக்.
துணியை இரண்டு தடவை பிழிந்த பிறகு
கார்கீனோஸ் என்று சொட்டியது.

மீன் சந்தையில் நண்டுக்கு வேறு பெயர்.
இந்தப் பெயர் இருப்பது பஞ்சாங்கத்தில்,
ஜூலை மாத ராசிக்கு, கொடுக்கு விரித்த படத்தோடு.
அப்புறம், சித்தி ஒருத்தியின் மார்பில்.
நாம் அதைப் புற்று என்கிறோம்,
சத்தமில்லாமல் கட்டிக்கொண்டே போவதால்.
அவர்களுக்கு அது பக்கவாட்டில் நடப்பது.

'மெட்டாஸ்டாஸே' வந்தபோது
வாளியின் கைப்பிடியை இறுக்கினாள்.
செப்டம்பர் கடைசியில் கோயிலில் கேட்கும் சொல்.
யோவான் இந்த இடம் விட்டு
அந்த இடம் போன திருநாள்.
இங்கே அது ஈரலுக்குப் போயிருக்கிறது.

அங்கிகள் போன பின் அவர் கேட்டார்:
'என்ன சொன்னார்கள்?'
கேள்வி முப்பது சொல்லுக்குள் அடங்கியது.
பதில் அடங்கவில்லை.

வெளியே நவம்பர். ஜன்னல் கண்ணாடியில் ஆவி.
சுட்டுவிரலால் வரைந்தாள்.
ஒரு வட்டம், பக்கத்துக்கு நான்கு கால்,
இரண்டு கொடுக்கு. ஒன்று கொஞ்சம் பெரிதாகிவிட்டது.
வரைந்த பிறகுதான் பயம் வந்தது.

'க்ரெப்ஸ்' என்றார்.
ஜெர்மனிலும் நண்டுக்கும் அதற்கும் ஒரே சொல் என்பது
அவளுடைய முப்பதில் இல்லாத சங்கதி.

'ஒன்றா?'

விரல் கண்ணாடியிலேயே நின்றது.
இரண்டாவதை அவள் வரையவில்லை.
நின்ற விரலைப் பார்த்தே
அவர் எண்ணிக்கொண்டார்.

பிறகு பெயர் கேட்டார். சொன்னாள்.
பொருள் கேட்டார்.
நம் பக்கம் நான்காவதும் பெண்ணானால்
போதும்பொண்ணு என்று வைப்பார்களே, அதேதான்.
அதை எந்தச் சொல்லால் சொல்ல?
உள்ளங்கையை நிமிர்த்தி
நாற்சந்திப் போலீஸ்காரர் மாதிரிக் காட்டினாள்.
இருபத்தாறு வருடம் சிக்னல் பார்த்தவர்,
சட்டென்று பிடித்துக்கொண்டார்.
சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரமானது.
ஜன்னலைக் காட்டி,
'அதனிடமும் சொல்' என்றார்.

நர்ஸின் காலடி கேட்டதும் துடைத்துவிட்டாள்.

மூன்றாம் வாரம் தாழ்வாரத்தில்
அவர்கள் சொன்ன சொல் லத்தீன். அவளுடையதில்லை.
'எக்ஸிட்டுஸ்'.
வெளியே போவது என்று பொருளாம்.
பதினாறில் மெத்தையைச் சுருட்டியிருந்தார்கள்.

அடுத்த நாள் அதே கட்டிலில் புதியவர்,
கன்னம் சிவந்த இளைஞன்.
குளிர் கூடிய காலை, எட்டரை மணி.
விரலின் எண்ணெய் லேசில் கண்ணாடியை விடுவதில்லை.
ஆவி படியப் படிய
ஒவ்வொரு காலாக நண்டு திரும்பி வந்தது,
பெரிய கொடுக்கு கடைசியாக.
துணி கையில்தான் இருந்தது.
அவள் துடைக்கவில்லை.

டாக்டர் ஹால்பாக் பேச்சை நிறுத்தி
ஜன்னலைப் பார்த்தார்.
'குழந்தைகளை யார் உள்ளே விட்டது?'

அன்று அந்த அறையில் அவர் பேசியதில்
ஜெர்மன் அது ஒன்றுதான்.